படத்துக்கு வெளியே நின்றவர்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதம், கொழும்பின் நடுவே உள்ள ஒரு மரப் பூங்காவில் தொடங்கிய கதை இது. ஒவ்வொரு மரத்துக்கும் பெயர்ப்பலகை வைத்து, நடப்பதற்குச் செம்மண் பாதை போட்ட இடம் அது. நான் வெள்ளவத்தைவாசி. சீனி வருத்தம் வந்த பிறகு டொக்டர் கட்டாயம் நடக்கச் சொல்லிவிட்டார். முதலில் வீட்டுக்குக் கிட்ட, கடற்கரைப் பக்கமாகத்தான் நடந்து பார்த்தேன். தெரிந்த முகங்கள் எல்லாம் மறித்து வைத்துக் கதைக்கத் தொடங்கிவிடும். பத்து நிமிட நடைக்கு அரை மணித்தியாலக் கதை. ஆளை விட்டால் போதும் என்று விடியவே பஸ் ஏறி அந்தப் பூங்காவுக்குப் போகத் தொடங்கினேன்.

எங்கள் நாட்டில் வசந்தம் என்று தனியாக ஒரு காலம் இல்லை என்பார்கள். பங்குனியில் அந்தப் பூங்காவுக்குள் கால் வைக்காதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். நாகமரம் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும். முள்முருக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும். வருசம் பிறக்கப் போகிறது என்று குயில் தொண்டை கிழியக் கூவும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் ஒரு ரொபரோசியா மரம். பெயர் சிங்களவர் வைத்தது, பூ இளஞ்சிவப்பு. அந்த நாட்களில் மரத்தில் ஓர் இலையைக் காண முடியாது, உச்சி வரை பூத்தான். விழுந்த பூவும் வாடாமல் கிடப்பதால், விடியும் நேரம் பார்த்தால் மேலேயும் கீழேயும் ஒரே நிறமாக இருக்கும்.

லண்டனில் இருக்கும் மகன் அந்த வருடம் எனக்கு ஒரு புது போன் அனுப்பியிருந்தான். அதை வைத்துக்கொண்டு படம் எடுக்கத் தொடங்கியவன், பிறகு நிறுத்தவே இல்லை. நடைக்காகப் படம் என்று இருந்தது படத்துக்காக நடை என்று ஆகிவிட்டது. என் படங்களுக்கு ஒரேயொரு சட்டம்: அதில் மனிதர் யாரும் இருக்கக் கூடாது. ஓடுகிறவர்கள், கைகோத்து நடக்கிற சோடிகள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், யார் குறுக்கே வந்தாலும் எனக்குச் சினம் வரும். அவர்கள் கடந்து போகும் வரை போனைத் தூக்கிப் பிடித்தபடி முறைத்துக்கொண்டு நிற்பேன்.

"உங்களுக்கு மரம் எண்டால் சரி, மனுசர் எண்டால் ஆகாது" என்று மனைவி சொல்லுவா. அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ரொபரோசியா மரத்தடியைக் கூட்டுகிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். மெலிந்த உடம்பு, காக்கிக் காற்சட்டை, நீளத் தடியில் கட்டிய ஈர்க்கு விளக்குமாறு. மரம் பூத்த முதல் நாள் நான் அவசரமாக ஒரு படத்தைத் தட்டிய பிறகுதான், மரத்துக்கு முன்னால் அவர் நிற்பதைக் கவனித்தேன். எரிச்சலாக வந்தது.

"அய்யே, பொட்டக் அய்ன் வென்ன" என்றேன். கொஞ்சம் விலகி நில்லுங்கள் என்று சிங்களத்தில். கையாலும் விலக்கிக் காட்டினேன். அவர் "ஹரி மாத்தயா", சரி ஐயா, என்று சொல்லி, விளக்குமாற்றையும் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார்.

கொழும்பில் முன்பின் தெரியாதவரைக் கண்டால் எங்கள் வாயில் முதலில் வருவது சிங்களம்தான். பஸ்ஸிலும் கடையிலும் கந்தோரிலும் அப்படியே பழகிவிட்டோம். எதிரில் நிற்பவர் யார் என்று ஒரு நிமிடம் யோசிப்பதுகூட இல்லை.

எனக்கு இன்னொரு பிரச்சினை இருந்தது. நான் போய்ச் சேருவதற்குள் கீழே கிடக்கும் பூவை அவர் பாதி கூட்டிக் குவித்துவிடுவார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கிட்டப் போய், என் உடைந்த சிங்களத்தில், இந்த மரத்தடியை மட்டும் கடைசியாகக் கூட்ட முடியுமா, நான் படம் எடுத்து முடியும் வரை பூ அப்படியே கிடக்கட்டும் என்று கேட்டேன். அவர் மரத்தைப் பார்த்தார், என் போனைப் பார்த்தார், தலையை ஆட்டினார். மறுநாள் போனபோது சுற்றிவர எல்லா இடமும் கூட்டித் துப்பரவாக இருக்க, அந்த மரத்தடியில் மட்டும் பூ வட்டமாகக் கிடந்தது. அதில் ஒரு காய்ந்த இலை கிடையாது, ஒரு டொபி உறை கிடையாது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். நான் போனைத் தூக்கினால் போதும், நான் வாய் திறக்கும் முன் அவர் தானாகவே விலகிப் போய்விடுவார். நான் முடித்துவிட்டேன் என்று கை காட்டிய பிறகுதான் வந்து கூட்டத் தொடங்குவார். "குட் மோர்னிங் மாத்தயா", "ஹரி மாத்தயா" என்பதைத் தாண்டி எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை.

ஒரு நாள் சூப்பர்வைசர் வழக்கத்தைவிட நேரத்தோடு வந்துவிட்டார். ஏழு மணிக்கு முதல் எல்லா இடமும் கூட்டி முடிந்திருக்க வேண்டும், இது என்ன வேலை என்று எல்லோருக்கும் கேட்கக் கூடியதாகச் சத்தம் போட்டார். கூட்டுகிறவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னைக் கை காட்டவில்லை, என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான்தான் அப்படி விடச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்து மரத்தின் பெயர்ப்பலகையை மிகக் கவனமாக வாசிப்பதுபோல நின்றேன். எனக்கு வேண்டிய படம் அன்றைக்கு ஏற்கனவே கிடைத்துவிட்டிருந்தது. மறுநாளும் பூ வட்டமாகக் கிடந்தது.

எவ்வளவுதான் அவர் விலகினாலும் சில படங்களில் ஓரத்தில் எங்கேயோ தெரிந்துவிடுவார். அதற்கும் போனில் வழி இருந்தது. விரலால் ஒரு வட்டம் போட்டால் ஆள் காணாமல் போய்விடுவார். அவர் நின்ற இடத்தில் புல் முளைத்திருக்கும், பூ விழுந்திருக்கும். காணாமல் போவது என்ற சொல் யுத்த காலத்தில் எங்கள் சனத்துக்கு என்னவாக இருந்தது என்று நன்றாகத் தெரிந்த வயதுக்காரன் நான். இருந்தும் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. திருத்திய படத்தை வைத்துக்கொண்டு மற்றதை உடனே அழித்துவிடுவேன். படங்களை ஃபேஸ்புக்கில் போட்டால் பாராட்டு வந்து குவியும். கொழும்பு மாதிரியே இல்லை, ஒரு குஞ்சு குருமான் இல்லாமல் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

சித்திரை வருசத்துக்கு நானும் மனைவியும் யாழ்ப்பாணம் போய்ப் பத்து நாள் நின்றோம். திரும்பி வந்து பூங்காவுக்குப் போனால், ரொபரோசியா பூத்து ஓய்ந்து இலை விடத் தொடங்கியிருந்தது. கடைசியாக விழுந்த கொஞ்சப் பூவையும் யாரோ விடியவே கூட்டி அள்ளியிருந்தார்கள். கூட்டிக்கொண்டிருந்தவர் வேறு ஒரு ஆள். பழையவர் லீவில் போயிருப்பார் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பூவைக் கூட்டிவிட்டார்களே என்ற கோபம் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் இருக்கும். நான் கொன்றை மரத்தடியில் நின்று மொட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"சேர், நீங்கதானே தெனமும் இங்க போட்டோ எடுக்கிறவங்க?"

திரும்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு சொப்பிங் பேக் வைத்திருந்தாள். அந்தப் பூங்காவில் என்னிடம் ஒருவர் தமிழில் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"ஓம், ஏன்?" என்றேன்.

"எங்க அப்பா இங்கதான் கூட்டுற வேல செஞ்சாரு, சேர். அந்த ரோஸ் பூ மரத்துக்கிட்ட. வருசத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்ன தவறிட்டாரு. வேலைக்கு வரத்தான் கெளம்புனாரு. நெஞ்சு வலிக்குதுன்னு கதவடியிலயே உக்காந்துட்டாரு." அவள் பேக்கைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். "அவரு சாமானெல்லாம் எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

துக்கம் சொல்வதற்கு முன் என் வாயில் வந்தது வேறு. "அவர் தமிழா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமா சேர். நாங்க முகத்துவாரம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். "நீங்க தமிழ்னு அப்பாவுக்குத் தெரியும். ஃபேஸ்புக்ல போட்ட போட்டோவப் பத்தி போன்ல யாரோடயோ கதைக்கிறத கேட்டிருக்காராம். நீங்க அவருகிட்ட சிங்களத்துல கதைச்சதால, சேருக்கு அதுதான் வசதியாக்கும்னு அவரும் அப்பிடியே கதைச்சிருக்காரு."

கிட்டத்தட்ட ஒரு மாதம் இரண்டு தமிழர்கள், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பாஷைகளில், ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லியிருக்கிறோம். எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் என் வசதிக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்.

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். போன வெள்ளத்தில் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறி, அல்பங்களும் அவளுடைய போனும் போய்விட்டனவாம். இப்போது கையில் இருப்பது பட்டன் போன். செத்த வீட்டுக்கு அப்பாவின் அடையாள அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தார்களாம். அவர் இளந்தாரியாக இருந்தபோது எடுத்தது. வந்தவர்கள் இது யார் என்று கேட்டார்களாம். அவள் அப்பா கல்யாண வீடுகளுக்குப் போனாலும் சாப்பாட்டுப் பக்கம் நின்று வேலை செய்கிற மனிதர், சொந்தக்காரர்களின் படங்களிலும் அவர் இல்லை.

"முப்பத்தோராம் நாள் காரியத்துக்காவது அப்பா மொகத்த வெச்சு ஒரு போட்டோ போடணும்னு அம்மா அழுவுறாங்க. நீங்க தெனமும் எடுத்தீங்களாமே சேர். ஏதாவது ஒண்ணுலயாவது அப்பா இருப்பாருதானே?"

வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டேன். அவள் அவ்வளவு நம்பிக்கையோடு சிரித்துவிட்டுப் போனாள். ஒன்றும் இருக்காது என்று எனக்கு அப்போதே தெரியும்.

அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு மேசையில் உட்கார்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருவரும் சேர்ந்து படங்களைப் பார்க்கத் தொடங்கினோம். அறுநூறுக்கு மேல் இருந்தன. பூ, தளிர், பட்டை, மொட்டு, வெயில். ஒரு படத்தில் விளக்குமாற்றின் நுனி தெரிந்தது. இன்னொன்றில் புல்லின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது; ஆளை அழித்தவன் நிழலை அழிக்க மறந்திருக்கிறேன். ஒரு மாதம் முழுக்க ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னால் முப்பது அடி தூரத்தில் நின்ற மனிதரை அவ்வளவு கவனமாக இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். அந்த அழகான படங்களைப் பார்க்க எனக்கே வெறுப்பாக இருந்தது.

மனைவிதான் யோசித்துச் சொன்னா. "முதல் நாள் எடுத்த படமொண்டைப் பிள்ளைக்கு அனுப்பினீங்கள் எல்லோ? அதைப் பாத்தீங்களே?"

மகனோடு வாட்ஸ்அப்பில் கதைத்ததை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். பங்குனி மாதத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், இருந்தது.

முதல் நாள் நான் அவசரத்தில் தட்டிய படம். மரம் முழுக்கப் பூ. அதன் முன்னால், படத்தின் சரி நடுவில் அவர் நிற்கிறார். அன்றைக்குக் குறுக்கே நிற்கிறார் என்று மட்டும் கண்ட எனக்கு, இப்போது விரலால் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் மற்றது தெரிந்தது. அவர் குறுக்கே நிற்கவில்லை. படத்துக்கு நிற்கிறார். இரண்டு காலையும் சேர்த்து வைத்திருக்கிறார். விளக்குமாற்றைப் பக்கத்தில் நேராகப் பிடித்திருக்கிறார். சட்டைக் கொலரைச் சரிசெய்த கை இன்னும் கழுத்தடியிலேயே இருக்கிறது. என்னைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு சிரிக்கிறார். தன்னைத்தான் நான் எடுக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அதற்கு அடுத்த நிமிடம்தான் நான் கையை வீசி விலகச் சொன்னது.

படத்துக்குக் கீழே, மகனுக்கு நான் எழுதிய வரி அப்படியே இருந்தது. "இந்த ஆளை எப்படி அழிக்கிறது?"

அதற்கும் கீழே அவனுடைய பதில். "விரலால வட்டம் போடுங்கோ அப்பா. ஆள் போயிடும்."

மனைவியும் வாசித்தா. எழும்பி உள்ளே போய்விட்டா. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். நான் அந்த மேசையில் இருந்து அழுதேன். என் அப்பா செத்தபோதும் நான் அப்படி அழுததில்லை.

அந்தப் பிள்ளை கொட்டாஞ்சேனையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். இரண்டு நாள் கழித்து, அவளுடைய கடைக்குக் கிட்ட இருந்த ஒரு ஸ்டூடியோவில் இருவரும் சந்தித்தோம். படத்தைக் காட்டினேன். அவள் போனை இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்குக் கிட்டப் பிடித்து, நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்பா சிரிக்கிறாரு" என்று மட்டும் சொன்னாள்.

அவளிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "பிள்ளை, வேறை படம் இல்லாததுக்கு நான்தான் காரணம். ஒவ்வொரு நாளும் அவரை நான் விலகி நிக்கச் சொன்னனான்" என்றேன்.

"தெரியும் சேர். அப்பா சொல்லியிருக்காரு." கண்ணைத் துடைத்தாள். "படம் நல்லா வரணும்னா நாம வெலகித்தானே நிக்கணும்னு சொல்லுவாரு."

ஸ்டூடியோக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார். நல்ல மனிதர், தன் வழக்கப்படி எல்லாம் சொன்னார். பின்னால் இருக்கிற மரத்தை எடுத்துவிட்டு நீல நிறம் போடலாம், கோட்டும் டையும் போட்டுவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். "கையில இருக்கிற வெளக்குமாத்தையும் எடுத்துரலாம் தங்கச்சி. ஒரு நிமிச வேல" என்றார்.

அந்த ஒரு நிமிட வேலை என்ன என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்க எனக்கு அருகதை இல்லை.

"ஒண்ணயும் எடுக்காதீங்க அண்ணே" என்றாள் அவள். "மரம், வெளக்குமாறு எல்லாம் இருக்கட்டும். அப்பா எப்பிடி நின்னாரோ அப்பிடியே வேணும்."

முப்பத்தோராம் நாள் என்னையும் வரச் சொன்னாள். மனைவியோடு போனேன். முகத்துவாரத்தில், முச்சக்கரவண்டி நுழையாத ஓர் ஒழுங்கைக்குள், ஒரே அறை வீடு. சுவரில் அந்தப் படம் பெரிதாக, மாலை போட்டு மாட்டியிருந்தது. சாம்பிராணிப் புகைக்குள் பூ மரத்தடியில் அவர் கொலரைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார். ஒழுங்கைச் சனம் வந்து பார்த்து, அவரேதான், உயிரோட நிக்கிறாரு என்று சொல்லிக்கொண்டு போனது.

அவள் என்னைத் தன் தாயிடம் கூட்டிக்கொண்டு போனாள். "அம்மா, இவங்கதான் அப்பாவோட சேந்து போட்டோ எடுத்தவங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. "ஐயா, அந்த மாசம் முழுக்க அவரு முந்தின பஸ்ஸுலயே போயிருவாரு. காஞ்ச எல, குப்ப எல்லாத்தையும் கையாலயே பொறுக்கணுமாம், கூட்டினா பூ கலஞ்சிருமாம். நானும் ஒரு மாத்தயாவும் சேந்து போட்டோ எடுக்கிறோம், ஊரு ஒலகமெல்லாம் பாக்குதுன்னு இங்க ஒருத்தரு விடாம சொல்லுவாரு." அவ என் முகத்தைப் பார்த்தா. "அவரோட சேந்து எடுத்த படமெல்லாம் நல்லா வந்துச்சாய்யா?"

"நல்லா வந்தது அம்மா" என்றேன். அவர்கள் போட்ட சோற்றைக் குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போதும் அந்தப் பூங்காவுக்குப் போகிறேன். யாரைக் கண்டாலும் முதலில் தமிழில் வணக்கம் சொல்கிறேன். பாதிப் பேர் விளங்காமல் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பங்குனியில் ரொபரோசியா பூக்கும்போது படமும் எடுக்கிறேன். இப்போது அந்த மரத்தடியைக் கூட்டுகிற அம்மாவின் பெயர் எனக்குத் தெரியும், அவவின் படங்களை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். யாரையும் விலகச் சொல்வதில்லை. மகனுக்கு நான் எழுதிய அந்த வரி மட்டும், இந்த ஆளை எப்படி அழிக்கிறது என்ற அந்தக் கேள்வி மட்டும், அவர் சிரிக்கும் படத்துக்குக் கீழே இன்னும் என் போனில் இருக்கிறது. எத்தனையோ முறை விரல் அதன்மேல் போயும், அதை அழிக்கிற உரிமை எனக்கு இல்லை என்று விட்டுவைத்திருக்கிறேன்.